பூச்சி பயந்துவிட்டது என்றதும் எழும் ஆரவாரம்

வரிசையாக நிற்கும் சிப்பாய்கள். கேமரா ஒரு முகத்தின் அருகே போகிறது. "என் பங்கை நான் செய்கிறேன்" என்கிறார் அந்த இளைஞர். அடுத்த முகம், அதே சொல். அதற்கடுத்த முகம், அதே சொல். பிறகு சிப்பாய் வேஷம் போட்ட ஒரு பொடியன் உள்ளே வந்து, "நானும் என் பங்கைச் செய்கிறேன்" என்கிறான். சுற்றி நிற்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். திரையில் ஒரு கேள்வி எழுகிறது: "மேலும் தெரிந்துகொள்ள வேண்டுமா?"

1997 நவம்பரில் வெளிவந்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. மனிதர்களுக்கும் ராட்சதப் பூச்சிகளுக்கும் நடக்கும் விண்வெளிப் போர் பற்றிய படம். துப்பாக்கி, வெடி, சிதறும் உடல்கள், அணிவகுக்கும் கப்பல்கள் எல்லாம் கண்ணை நிறைக்கும் அளவுக்கு உண்டு. அந்தச் சிறுவனைப் பார்த்து எழும் சிரிப்பில் நாமும் சேர்ந்து சிரித்துவிடுவோம். குழந்தைக்குச் சீருடை மாட்டிவிட்ட அரசாங்கத்தின் விளம்பரத்துக்குச் சிரித்திருக்கிறோம் என்பது உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சிலருக்குப் படம் முடிந்தும் உறைக்காது. படத்தை எடுத்த பால் வெர்ஹோவன் இந்த இரண்டாவது வகைப் பார்வையாளர் இருப்பார் என்று தெரிந்தேதான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம். சொல்லுக்குள் வசையை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். பின்னதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார், "இவ்வே பீலி அணிந்து மாலை சூட்டி" என்று தொடங்கி, உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். தொண்டைமான் காதுக்கு அது புகழ்ச்சி. போர்க்களம் பார்த்தவன் காதுக்கு வேறு.

ராணுவ அறிவியல் புனைகதைப் படங்களில் பழிகரப்பு அங்கதம் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தப் படமே பெரிய பாடம். அங்கதம் வேலை செய்ய வேண்டுமானால் பிரம்மாண்டத்தைக் குறைக்கக் கூடாது, முழு விலை கொடுத்துச் செய்ய வேண்டும். பீலியும் மாலையும் உண்மையிலேயே அழகாக இருந்தால்தான் ஔவையின் சொல் குத்தும்.

அந்தத் தொடக்க விளம்பரம் எங்கிருந்து வந்தது என்பதை வெர்ஹோவன் ஒளிக்கவில்லை. லேனி ரீஃபன்ஷ்டால் 1934ஆம் ஆண்டு நியூரம்பர்க் நாஜிக் கட்சி மாநாட்டைப் பதிவுசெய்து 1935இல் வெளியிட்ட 'ட்ரையம்ஃப் ஆஃப் த வில்' படத்திலிருந்து எடுத்ததாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதில் உழைப்புப் படையைச் சேர்ந்த இளைஞர்கள் மண்வெட்டியைத் துப்பாக்கிபோல ஏந்தி நிற்பார்கள். "தோழா, நீ எந்த ஊர்?" என்று குரல் கேட்கும். ஒவ்வொரு முகமாகக் கேமரா நெருங்கும், ஒவ்வொருவரும் தன் வட்டாரத்தின் பெயரைச் சொல்வார்கள். தனித்தனி முகங்கள் ஒரே குரலாகும் அந்த வித்தையை வெர்ஹோவன் அப்படியே எடுத்துக்கொண்டார். முகம், சற்றுக் கீழிருந்து பார்க்கும் கோணம், பளிச்சென்ற வெளிச்சம், ஒரே வாக்கியம். அவர் கூட்டியது அந்தச் சிறுவனை மட்டும்தான்.

இந்த வித்தை அவருக்குக் கேள்வி ஞானம் இல்லை. 1938இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஹேக் நகரில் வளர்ந்தவர். லண்டனை நோக்கி வி-2 ராக்கெட்டுகள் ஏவப்பட்ட ஊர் அது. அந்த ஏவுதளங்களைக் குறிவைத்து 1945 மார்ச் 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டுகள் குறி தவறி பெஸாய்டன்ஹவுட் குடியிருப்பில் விழுந்து 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்லவர்கள் போட்ட குண்டும் வீட்டின்மேல்தான் விழும் என்பதை ஆறு வயதில் பார்த்த ஊர்க்காரர் அவர். பின்னாளில் டச்சுக் கடற்படையில் கட்டாயச் சேவை செய்தபோது, மரைன் படையின் 300ஆம் ஆண்டுக்காக 1965இல் ஓர் ஆவணப்படமும் எடுத்துக்கொடுத்தார். படகுகள், தரையிறக்கம், ஓடும் வீரர்கள் என்று படையைப் பெருமையாகக் காட்டும் படம். படைக்குப் புகழ் சேர்க்கும் படத்தை எப்படி வெட்டி ஒட்டுவது என்பதைக் கைப்பட உண்மையாகவே செய்து பழகியவர். ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸின் விளம்பரத் துண்டுகள் கேலிச்சித்திரம்போல் இல்லாமல் அசலாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு.

மூலக்கதை ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய நாவல். ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்து காசநோயால் ஓய்வு பெற்றவர். படைச்சேவை செய்தவனுக்கே வாக்குரிமை என்னும் ஆட்சிமுறையை அந்த நாவல் மனதாரப் பேசுகிறது. வெர்ஹோவன் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு மூடிவைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மீதிக் கதையைச் சொன்னவர் திரைக்கதையாளர் எட்வர்ட் நியூமையர். 1987இல் 'ரோபோகாப்' படத்தை வெர்ஹோவனுக்கு மைக்கேல் மைனரோடு சேர்ந்து எழுதிக்கொடுத்தவர் அவர்தான். நாவலை மறுத்து ஒரு படம் எடுப்பது சுலபமான வழியாக இருந்திருக்கும். இவர்கள் அதைச் செய்யவில்லை. அந்த நாவலின் அரசாங்கமே தன் சொந்தக் காசில் ஒரு படம் எடுத்து மக்களுக்குப் போட்டுக்காட்டினால் எப்படியிருக்கும், அப்படி எடுத்தார்கள். அதனால்தான் ஃபெட்நெட் என்னும் அரசுச் செய்தித்துண்டோடு படம் தொடங்குகிறது, அதே செய்தித்துண்டோடு முடிகிறது. நடுவில் வரும் காதல், நட்பு, வீரம் எல்லாம் அந்த உறைக்குள் வைத்த பொருள்.

இப்படி எடுக்கும்போது முதலில் விட்டுவிட வேண்டியது, படத்துக்குள் உண்மையைச் சொல்லும் ஒரு பாத்திரம். வழக்கமான போர் எதிர்ப்புப் படத்தில் யாராவது ஒருவர் இருப்பார், கடைசிக்கு முந்தைய காட்சியில் "நாம் செய்வது சரிதானா?" என்று கேட்பார். இங்கே அந்த ஆள் இல்லை. நெருங்கி வருவது ஒரே ஒருவர்: பூச்சிகளின் வாழிடத்துக்குள் மனிதர்கள் நுழைந்ததுதான் சண்டைக்குக் காரணம் என்று சிலர் கருதுவதாகச் சொல்லத் தொடங்கும் செய்தியாளர். அவரைப் படத்தின் நாயகன், சிப்பாய் ரிக்கோ இடைமறிக்கிறான். தான் ப்யூனஸ் ஐரஸ் ஆள் என்றும், எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்றும் கத்துகிறான். அவன் ஊர் விண்கல் விழுந்து அழிந்திருக்கிறது, பெற்றோர் செத்திருக்கிறார்கள். அவன் கோபம் நமக்கு நியாயமாகப் படுகிறது. அந்த விண்கல்லைப் பூச்சிகள்தான் அனுப்பின என்பதற்குப் படம் ஃபெட்நெட்டின் வார்த்தையைத் தவிர வேறு சான்று எதையும் காட்டுவதில்லை என்பது அந்தக் கோபத்தில் மறந்துபோகிறது.

அப்படியென்றால் மறுப்பு எங்கே இருக்கிறது? உடல்களில் இருக்கிறது. இந்தப் படத்தை மறுபடி பார்ப்பவர்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பெரியவர்களின் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டே வரலாம். வன்முறையே எல்லா அதிகாரத்துக்கும் தாய் என்று பாடம் நடத்தும் ஆசிரியர் ராஸ்சாக்குக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை. பூச்சியை அறுத்துக்காட்டும் உயிரியல் ஆசிரியைக்குக் கண் தெரியாது, முகத்தில் தழும்பு. படையில் சேர வரும் ரிக்கோவின் தாளில் முத்திரை குத்தும் அலுவலர், காலாட்படைதான் தன்னை இன்றைய மனிதனாக்கியது என்று பெருமையோடு கை குலுக்குகிறார். அந்தக் கை இயந்திரக் கை. பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார், இரண்டு காலும் இல்லை. கேமரா அங்கே ஒரு வினாடிகூடக் கூடுதலாக நிற்பதில்லை, சோக இசை எழுவதில்லை. ரிக்கோ முகத்தில் லேசான திகைப்பு, அடுத்த காட்சி. அந்த அரசாங்கம் எடுத்த படத்தில் அது பெருமைக்குரிய காட்சிதானே! வசனம் ஒன்று சொல்ல, சட்டகம் வேறொன்றைக் காட்ட, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

நடிகர் தேர்வும் இதே கணக்குதான். ரிக்கோவாக வரும் காஸ்பர் வான் டீன், அவன் காதலி கார்மெனாக வரும் டெனிஸ் ரிச்சர்ட்ஸ், பேட்ரிக் மல்டூன், டினா மேயர் எல்லோரும் தொலைக்காட்சித் தொடர்களில் பழகிய பளபளப்பு முகங்கள். நாவலின் ரிக்கோ டகாலோக் பேசும் ஃபிலிப்பினோ. படத்தில் ப்யூனஸ் ஐரஸ் பள்ளி முழுக்க அமெரிக்க டூத்பேஸ்ட் விளம்பரம்போல் பிள்ளைகள். மரத்தால் செய்ததுபோல் நடிக்கிறார்கள் என்று விமர்சகர்கள் பலர் அன்று குறை சொன்னார்கள். ரீஃபன்ஷ்டால் படத்தின் அழகன்களைப்போல் இருக்க வேண்டும் என்றுதான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன் என்றார் வெர்ஹோவன். ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் குளிக்கும் காட்சி இன்னும் நுட்பமானது. உடம்பெல்லாம் தெரிகிறது, ஆசை மட்டும் எங்கும் இல்லை. எதற்காகப் படையில் சேர்ந்தாய் என்பதே பேச்சு. குழந்தை பெறும் உரிமம் சேவை செய்தால் எளிதாகக் கிடைக்கும் என்கிறாள் ஒருத்தி, சர்வ சாதாரணமாக. கிளர்ச்சிக்காக வைத்த காட்சி என்று நினைத்துப் பார்ப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

இனி கிளெண்டாத்து. பூச்சிகளின் தாய்க்கிரகத்தின்மேல் நடக்கும் முதல் படையெடுப்பு. ராணுவ ஏற்பாடு என்ற கோணத்தில் பார்த்தால் இதைவிட மோசமாக ஒரு தரையிறக்கத்தைத் திட்டமிட முடியாது, அதுதான் காட்சியின் உயிர். கப்பல்கள் ஒன்றோடொன்று உரசும் தூரத்தில் சுற்றுப்பாதையில் நெருக்கியடித்து நிற்கின்றன. கீழிருந்து பூச்சிகளின் பிளாஸ்மாத் தாக்குதல் இலக்கின்றியும் குறைவாகவும் இருக்கும் என்று உளவுத்துறை சொல்லியிருக்கிறது. வருவது மழைபோல் வருகிறது. ஒரு கப்பல் உடைந்து பக்கத்துக் கப்பலில் மோதுகிறது. இறங்கிய காலாட்படைக்குப் பீரங்கி இல்லை, கவச வண்டி இல்லை, தலைக்கு மேலே துணைக்கு விமானம் இல்லை. இரவில், தெரியாத நிலத்தில், கூட்டமாக ஓடுகிறார்கள். ஒரு பூச்சியைச் சுற்றி ஐந்தாறு பேர் வட்டமாக நின்று சுடுகிறார்கள். அப்படி நின்றால் எதிரே நிற்பவன் நம் ஆள் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நாவலில் இதே காலாட்படைக்கு மலையைத் தாண்டிக் குதிக்கும் இயந்திரக் கவசம் உண்டு. படத்தில் கிடைப்பது தலைக்கவசமும் மார்புக் கவசமும். செலவு ஒரு காரணம் என்றாலும், கவசம் இல்லாததால் மனித உடம்பு எவ்வளவு எளிதில் கிழியும் என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஃபெட்நெட்டின் "எதிரியை அறிந்துகொள்" துண்டை இதோடு பொருத்திப் பாருங்கள். பூச்சியின் ஒரு காலைத் துண்டித்தாலும் அது 86 சதவீதம் சண்டை போடும், ஆகவே நரம்புத்தண்டைக் குறிபார்த்துச் சுடுங்கள் என்று சொல்லித்தருகிறது அது. துல்லியமான எண், தெளிவான படம், அதிகாரக் குரல். களத்தில் யார் குறிபார்க்கிறார்கள்? எல்லோரும் இடுப்பிலிருந்து தாறுமாறாகச் சுட்டுத்தள்ளுகிறார்கள். படையெடுப்பு முடிந்ததும் அதே ஃபெட்நெட் அறிவிக்கிறது: ஒரு மணி நேரத்தில் 1,00,000 பேர் மரணம். தலைமைத் தளபதி பதவி விலகுகிறார், அடுத்தவர் வருகிறார், போர் தொடர்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தக் காட்சி எடுக்கப்பட்ட விதத்தைப் பாராட்டாமல் போக முடியாது. பூச்சிகளைச் செய்தது ஃபில் டிப்பெட்டின் நிறுவனம். டிப்பெட் பொம்மையை நூலிழை நூலிழையாக நகர்த்திச் சட்டகம் சட்டகமாகப் படம்பிடிக்கும் மரபில் வந்தவர். 'ஜுராசிக் பார்க்' காலத்தில் கணினி அந்த மரபை விழுங்க வந்தபோது, அவரும் கிரெய்க் ஹேய்ஸும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கினார்கள்: மூட்டுக்கு மூட்டு உணரி பொருத்திய உலோக எலும்புக்கூடு. கலைஞர் அதைப் பழைய பொம்மைபோலவே கையால் நகர்த்துவார், ஒவ்வொரு மூட்டின் கோணமும் கணினிக்குப் போகும். பூச்சிகளின் நடையில் இன்றைக்கும் ஓர் எடை தெரிவதற்கு இப்படிக் கைப்பழக்கத்தில் ஊறியவர்கள் அவற்றை இயக்கியது முக்கியக் காரணம்.

மற்றக் காரணங்கள் எளிமையானவை. பூச்சியின் ஓடு கெட்டியானது, வழுவழுப்பானது. அன்றையக் கணினிகளுக்குத் தோலையும் ரோமத்தையும் நம்பும்படி வரைவது பெரும்பாடு, ஓடு வசதி. முக்கியச் சண்டைகள் பல பட்டப்பகலில், வயோமிங்கின் ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர் போன்ற மரமில்லாத வறண்ட நிலத்தில் நடக்கின்றன. வெயிலின் நிழல் கூர்மையாக விழுவதால் கணினி உருவத்துக்கும் அதே திசையில் நிழல் போடுவது எளிது. பூச்சி மனிதனைத் தொட வேண்டிய இடங்களுக்கு முழு அளவு இயந்திரப் பூச்சிகளை அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் குழு செய்தது. துப்பாக்கிகள்கூட வெறும் பொம்மை இல்லை. ரூகர் மினி-14 வகைத் துப்பாக்கியின்மேல் ஓடு போர்த்தி, வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டார்கள். குழல் முனையில் தெரியும் தீ உண்மைத் தீ, தோளில் விழும் அதிர்வு உண்மை அதிர்வு. நடிகர்கள் முன்னால் பூச்சி இல்லாதபோது வெர்ஹோவனே குதித்துக் கத்திப் பூச்சியாக நடித்திருக்கிறார். நூறு பேரின் பார்வையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் பூச்சி அந்த இடத்தில் ஒட்டாது. இந்தப் படத்தில் ஒட்டுகிறது. அந்த ஆண்டு சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது 'டைட்டானிக்'குக்குப் போனது.

இசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேசில் பொலெடூரிஸ் எழுதிய படையெடுப்பு இசையில் கேலி துளியும் இல்லை. பித்தளைக் கருவிகள் முழங்க, முரசு அடுக்க, நெஞ்சு நிமிரும் அணிவகுப்பு அது. இசையமைப்பாளர் கண்ணடித்திருந்தால், எங்காவது ஒரு சுருதியை வேண்டுமென்றே கோணலாக்கியிருந்தால், பார்வையாளர் பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்துகொண்டிருப்பார். நேர்மையான இசை அவரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கிளெண்டாத்துவில் இறக்கிவிடுகிறது.

சரி, எங்கே தவறியது? ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் ஈட்டியது சுமார் 5.5 கோடி, உலகம் முழுவதும் சேர்த்து 12 கோடி அளவில். திரையரங்குப் பங்கு போனால் நட்டக்கணக்கு. விளம்பரங்கள் இதை நேரான சாகசப் படமாகவே விற்றன. வாஷிங்டன் போஸ்ட்டில் வந்த ஒரு கட்டுரை படத்தின் அழகியலே நாஜி அழகியல் என்று சாடியது. அழகியலைக் கண்டுபிடித்ததில் அந்தக் கட்டுரை சரி. அதை யார், எதற்காக வைத்தார் என்பதில்தான் பிசகு. அதைவிடச் சோதனைத் திரையிடல்களில் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளிப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் அரசாங்கத்தின்மேல் பார்வையாளர்களுக்குப் பெரிய கோபம் வரவில்லை. கார்மென் ஒரே நேரத்தில் இரண்டு ஆண்களை விரும்புகிறாள் என்பதுதான் அவர்களைக் கொதிக்கவைத்தது. ரிக்கோவோடு அவள் மறுபடி நெருங்கும் காட்சிகள் அதனால் வெட்டப்பட்டன.

வெர்ஹோவனும் நியூமையரும் இதற்குப் பத்து ஆண்டு முன்பு செம்பொருள் அங்கதமும் செய்துகாட்டியிருந்தார்கள். ரோபோகாப்பில் ஈடி-209 என்னும் காவல் இயந்திரத்தை நிறுவனக் கூட்டத்தில் அறிமுகப்படுத்தும் காட்சி. ஓர் இளம் அலுவலரிடம் துப்பாக்கியைக் கொடுத்து இயந்திரத்தை நோக்கி நீட்டச் சொல்கிறார்கள். துப்பாக்கியைக் கீழே போட 20 வினாடி தருகிறது இயந்திரம். அவர் போட்டுவிடுகிறார். கம்பளத்தின்மேல் விழுந்த துப்பாக்கியின் சத்தம் அதற்குக் கேட்கவில்லை போலும், எண்ணிக்கையைத் தொடர்கிறது, சுடுகிறது, விழுந்த பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கிறது. உடல் சாய்வது அந்நிறுவனம் கட்டவிருக்கும் புதிய நகரத்தின் மாதிரி வடிவத்தின்மேல். நிறுவனத் தலைவரின் கவலை, இந்தத் தாமதத்தால் வட்டி மட்டும் 5 கோடி டாலர் ஆகும் என்பது. பிறகொரு காட்சியில் அந்த இயந்திரத்தை விற்க நினைத்தவர் வெளிப்படையாகவே சொல்கிறார்: ராணுவம் வாங்குவது உறுதி, 25 ஆண்டுக்கு உதிரிப்பாகம் விற்கலாம், வேலை செய்ததா இல்லையா என்பது யாருக்குக் கவலை?

தணிக்கைக் குழு அந்தச் சாவைக் குறைக்கச் சொல்லி 10 தடவைக்கும் மேல் படத்தைத் திருப்பி அனுப்பியது. வெர்ஹோவனின் வாதம் எதிர்த்திசையில் இருந்தது: சுடுவது அபத்தமான அளவுக்கு நீண்டால்தான் அது சிரிப்பாகும், ஓர் இயந்திரத்தின் முட்டாள்தனமாகும்; சுருக்கினால் வெறும் கொலையாகிவிடும். வெட்டப்படாத வடிவம் பின்னாளில் வட்டுகளில் வந்தபோது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அவர் சொன்னது சரி. சுருக்கிய வடிவம்தான் பார்க்கக் கொடூரமாக இருக்கிறது. ராணுவப் படங்களில் வன்முறையின் அளவு வெறும் ரசனை விஷயம் இல்லை, பொருளையே மாற்றும் விஷயம்.

மற்றப் படங்களில் அங்கதம் எங்கே நழுவுகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஜேம்ஸ் கேமரனின் 'ஏலியன்ஸ்' (1986) அங்கதப் படம் இல்லை, ஆனால் உள்ளே ஒரு நல்ல குத்தல் உண்டு. படையணியின் லெஃப்டினன்ட்டிடம் எத்தனை தரையிறக்கம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். 38, எல்லாம் பயிற்சிக்கூடத்தில். உண்மைப் போரில்? இரண்டு, இதையும் சேர்த்து. வியட்நாமை மனதில் வைத்து எழுதியதாகக் கேமரன் சொன்ன படம் அது. கருவிகள் நிறைந்த படை கருவியில்லாத எதிரியிடம் சிதறுகிறது. ஆனால் எம்ஜி-42 இயந்திரத் துப்பாக்கியை, கேமரா ஆடாமல் தாங்கும் ஸ்டெடிகேம் கைப்பிடியில் மாட்டிச் செய்த அந்த ஆயுதத்தின் கம்பீரம் படம் சொன்ன விமர்சனத்தைவிட அதிகமாக நினைவில் தங்கிவிட்டது.

'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. நாயகன் கேஜ் ராணுவ மக்கள் தொடர்பு அதிகாரி. தொலைக்காட்சியில் போரை விற்பவன். துப்பாக்கியின் பாதுகாப்புக் கொக்கி எங்கே என்றுகூடத் தெரியாதவன். அவனையே களத்தில் தள்ளுவது அருமையான அங்கத முடிச்சு. முதல் பகுதி முழுக்க அது கூர்மையாக இருக்கிறது. நடிகர்கள் மாட்டிய கவசம் சுமார் 38 கிலோ, ஆயுதம் ஏறினால் இன்னும் கூடும். அந்தத் தடுமாற்றம் நடிப்பல்ல. ஆனால் கேஜ் திறமைசாலியாக ஆக ஆகப் படம் அவனைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவனோடு ஓடத் தொடங்குகிறது. போரை விற்றவன் தான் விற்ற சுவரொட்டியாகவே மாறிவிடுகிறான், அதைப் படம் கவனிப்பதாகத் தெரியவில்லை. நல்ல படம்தான். தொடங்கிய கேள்வியைக் கைவிட்ட படம்.

தளவாடம் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்து யோசிக்க வேண்டியது. உண்மையான போர்க்கப்பல், ஹெலிகாப்டர், படைமுகாம் வேண்டுமென்றால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உதவி வேண்டும், அதற்குத் திரைக்கதையைக் காட்ட வேண்டும். 'இன்டிபென்டன்ஸ் டே' (1996) படத்தில், வேற்றுக்கிரகவாசிகளை ஒளித்துவைத்திருப்பதாக வதந்தி உலவும் ராணுவத் தளமான ஏரியா 51 பற்றிய குறிப்பை எடுக்க மறுத்ததால் உதவி கைவிட்டுப் போனது. 'பேட்டில்: லாஸ் ஏஞ்சலிஸ்' (2011) மரைன் படையின் ஒத்துழைப்போடு வந்தது, அதில் மரைன்களைப் பற்றிச் சங்கடமான கேள்வி எதுவும் இல்லை. எதிர்காலப் போரில் எல்லாக் கப்பலும் கற்பனை, எல்லாச் சீருடையும் தையற்காரர் கையில். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ராணுவத்தைக் கடுமையாகப் பகடி செய்ய அறிவியல் புனைகதையைவிடத் தோதான இடம் இல்லை என்று நான் நினைப்பதற்கு இந்த நடைமுறைக் காரணமே போதும். அந்த இடத்தை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸின் தொடர்ச்சிகளில் பணம் பல மடங்கு குறைந்தது. 2004இல் டிப்பெட்டே இயக்கிய இரண்டாம் பாகம் ஒரு கோட்டைக்குள் அடைந்துவிட்டது. 2008இல் நியூமையர் இயக்கிய மூன்றாவதில் தலைமைத் தளபதி சாவைப் புகழ்ந்து மேடையில் பாட்டே பாடுகிறார். கேலி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே யாரையும் அது தொடவில்லை. முதல் படத்தின் ரத்தம் ஓடுவது 2024இல் வந்த 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டில்தான். அதிலும் இதே தேசபக்தி முழக்கம், இதே பூச்சி வேட்டை. ஆடுகிறவர் கேலியைப் புரிந்துகொண்டே முழக்கமிட்டு, புரிந்துகொண்டே சுட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார். புரிந்துகொள்வதால் மட்டும் ஈர்ப்பு குறைவதில்லை.

வெர்ஹோவன் இதை அறிந்தே முடிவை வைத்திருக்கிறார். கடைசிச் சண்டைக்குமுன் ரிக்கோவின் அணிக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். மீசை அரும்பாத முகங்கள். நாமே இப்போது கிழவர்கள் ஆகிவிட்டோம் என்று பேசிக்கொள்கிறார்கள் ரிக்கோவும் நண்பனும். ஆசிரியராக இருந்து பிறகு ரிக்கோவின் படைத்தலைவராகிச் செத்துப்போன ராஸ்சாக் சொன்ன அதே வார்த்தைகளை ரிக்கோ அப்பிள்ளைகளிடம் சொல்கிறான். பிறகு பூச்சிகளை வழிநடத்தும் மூளைப்பூச்சி பிடிபடுகிறது. இதுவரை பார்த்த போர்ப்பூச்சிகளுக்கு முகம் என்று சொல்ல எதுவும் இல்லை, தலையே ஒரு தாடை. இதற்கு வரிசையாகக் கண்கள் இருக்கின்றன. கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நாயகனின் பள்ளித் தோழன் கார்ல், கறுப்புத் தோல் நீள்கோட்டில், நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் அதிகாரியைப் பார்த்து வெட்டியதுபோன்ற உடையில், முன்னே வந்து அதன்மேல் கை வைக்கிறான். அதன் மனத்தைப் படிக்கிறான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"பயப்படுகிறது!" என்கிறான்.

பள்ளத்தாக்கு அதிர ஆரவாரம் எழுகிறது. தொப்பிகள் பறக்கின்றன, துப்பாக்கிகள் வானத்தை நோக்கி உயர்கின்றன, இசை ஏறுகிறது. அடுத்து ஃபெட்நெட். ஆய்வுக்கூடத்தில் அதே பூச்சியின் உடம்புக்குள் ஒரு கருவியைச் செலுத்துகிறார்கள். அந்த இடத்தை மட்டும் தணிக்கைப் பட்டை மறைக்கிறது. கார்மென் கப்பல் தலைவியாக, ரிக்கோ லெஃப்டினன்ட்டாக, பின்னால் பிள்ளைகள் ஓட, துப்பாக்கியோடு நம்மை நோக்கி வருகிறான். படையில் சேருங்கள் என்கிறது குரல். அவர்கள் போரிட்டுக்கொண்டே இருப்பார்கள், வெல்வார்கள் என்று திரையில் எழுத்து விழுகிறது.